ஹிட்லரின் தனிவாழ்வும் வரலாற்றாசிரியர் கருத்து வேறுபாடும்

1889இல் ஆஸ்திரியாவின் பிரவுனாவில் பிறந்து, 1933இல் ஜெர்மனியின் ஆட்சியைக் கைப்பற்றியவர் அடால்ஃப் ஹிட்லர். குடும்பம் துறந்து நாட்டுக்கே வாழ்பவர் என்னும் தோற்றத்தை அவரது பரப்புரை வளர்த்தது. 1929இல் மியூனிக் நகரப் புகைப்பட நிலையமொன்றில் அறிமுகமான ஏவா பிரவுன், மக்கள் பார்வையினின்றும் மறைக்கப்பட்டார். 1945 ஏப்ரல் 29இல் அவரை மணந்த ஹிட்லர், மறுநாள் அவருடன் தற்கொலை செய்துகொண்டார்.

அரசியலுக்கு அப்பால் ஹிட்லருக்குத் தனிவாழ்வு என ஒன்று இருந்ததில்லை என்பது இயான் கெர்ஷாவின் கருத்து. ஹைக்கே கோர்டெமேக்கர் (2010), ஃபோல்கர் உல்ரிச் (2013) ஆகியோர் இதனை மறுப்பர். பின்னவர் கருத்தே பொருத்தமுடையது. தனிவாழ்வு அற்றவர் எனக் கொள்வது, அவரது பரப்புரை தீட்டிய உருவத்தையே ஏற்பதாக முடியும். அன்றியும், அவருடன் விருந்துண்டு மகிழ்ந்த நெருங்கிய வட்டத்தினரின் பொறுப்பும் அவ்வுருவத்தின் பின்னே மறைந்துவிடும்.