சொல்லின் பிறப்பை நாடிய ஆசாரியர் ஹேமசந்திரர்

நிகண்டு என்னும் நூல்வகை நம் சமூகத்தார்க்குப் புதியதன்று. மண்டலபுருடர் அருளிய சூடாமணி நிகண்டைத் திண்ணைப் பள்ளிகளில் பொருளறியுமுன்பே மனப்பாடம் செய்த தலைமுறைகள் இந்நாட்டில் இருந்தன. வடபுலத்தில் அத்தொண்டை அதனினும் விரிவாக ஆற்றியவர் ஹேமசந்திர ஆசாரியர். அவரை யோகசாஸ்திரம் இயற்றியவராகவும், அறுபத்து மூன்று சலாகா புருடர்தம் வரலாற்றைப் பாடியவராகவும் நம்மவர் அறிவர். சொற்களைத் தேடித் தொகுத்தவராக அறிந்தோர் சிலரே. அவர் சுவேதாம்பர மரபினர். தமிழ்ச் சமணராகிய நாம் திகம்பர மரபினர். சொல்லாராய்ச்சியில் இவ்வேறுபாடு குறுக்கே வந்து நிற்பதில்லை.

குஜராத்தில் தந்துகா என்னும் ஊரில், விக்கிரம சகாப்தம் 1145, கார்த்திகைப் பௌர்ணமியன்று அவர் பிறந்தார் என்பது மரபு. கி.பி. 1088 அல்லது 1089 எனக் கொள்வர். வணிகர் குலம், தந்தை சாசிகர், தாய் பாகினி, பிள்ளைத் திருநாமம் சாங்கதேவன். ஊருக்கு எழுந்தருளிய தேவசந்திர சூரி சிறுவனின் அறிவொளியைக் கண்டு, அவனைச் சங்கத்திற்குத் தருமாறு தாயிடம் வேண்டினார். கணவர் வெளியூர் சென்றிருந்தார். பாகினி நெடிது தயங்கி, முடிவில் தந்தாள். திரும்பி வந்த சாசிகர், மகனைக் காணும் வரை உண்பதில்லை என்று உறுதி பூண்டு கம்பாத் நகருக்கு விரைந்ததையும், அங்கே உதயனன் என்னும் அமைச்சர் அளித்த பெரும்பொருளை மறுத்ததையும், பிறகு மனமிரங்கி இசைந்ததையும் பிரபந்த நூல்கள் உரைக்கின்றன. பத்து வயது நிரம்புமுன்பே ஒரு குழந்தைக்குத் துறவு அளிப்பதை இன்று நம்முள் பலர் ஒப்பார். நமக்கும் அதில் தயக்கமுண்டு. இந்த வரலாற்றில் நம் நெஞ்சில் நிற்பவள் அந்தத் தாயே. கணவருக்கும் குருவுக்கும் இடையே தனியளாய் நின்று முடிவெடுத்தவள் அவள்.

சோமசந்திரர் என்னும் தீட்சைப் பெயருடன் கற்றுத் தேர்ந்தவர், 1110இல் நாகோர் நகரில், தம் இருபத்தோராம் வயதளவில் ஆசாரியப் பட்டம் பெற்று ஹேமசந்திரரானார். பின்னர்ச் சோலங்கியரின் தலைநகராகிய அணஹில்லபாடணத்தை, அதாவது இன்றைய பாடண் நகரை, அடைந்தார். அரசன் ஜயசிம்ம சித்தராஜன் சிவநெறியினன். எனினும் அறிஞரைப் போற்றியவன்.

சித்தராஜன் மாளவத்தை வென்றபோது தாரா நகரத்து ஏட்டுச்சுவடிகள் பாடணத்திற்கு வந்து சேர்ந்தன. அவற்றுள் போஜராஜன் இயற்றிய இலக்கண நூலும் ஒன்று. தோற்ற நாட்டின் இலக்கணத்தை வென்ற நாட்டுப் பிள்ளைகள் படிப்பதா என்னும் எண்ணம் அரசனை உறுத்தியது. தனக்கென ஓர் இலக்கணம் செய்து தருமாறு ஹேமசந்திரரை வேண்டினான். ஆசாரியர் முதலில் கேட்டவை பொன்னும் பொருளும் அல்ல. காஷ்மீரத்தில் இருந்த எட்டுப் பழைய இலக்கணச் சுவடிகளையே. அவை வந்து சேர்ந்த பின்னர் எழுந்ததே சித்தஹேம சப்தானுசாசனம். அதன் பெயரில் அரசனும் ஆசிரியரும் ஒருங்கே இடம்பெற்றனர். எட்டு அத்தியாயங்களுள் ஏழு வடமொழிக்கு; எட்டாவது பிராகிருத மொழிகளுக்கும், அக்காலத்து மக்கள் வழக்கிற்கு அணுக்கமான அபபிரம்சத்திற்கும் உரியது. அந்நூலை யானைமேல் ஏற்றி நகர்வலம் செய்வித்தான் அரசன் என்பர். நம் கருத்தில், யானையேறத் தக்கது அந்த எட்டாம் அத்தியாயம்.

இலக்கணத்திற்குத் துணையாக அவர் செய்த அகராதிகள் நான்கு. ஒருபொருட் பலசொற்களைத் தொகுப்பது அபிதானசிந்தாமணி. (சிங்காரவேலு முதலியார் தொகுத்து 1910இல் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியமும் இப்பெயரே பூண்டது, இரண்டும் வேறு வேறு.) பலபொருள் ஒருசொற்களுக்கு அனேகார்த்த சங்கிரகம், மரம், செடி, கொடி, புல், தானியங்களுக்கு நிகண்டுசேஷம், நான்காவது தேசீநாமமாலை.

அபிதானசிந்தாமணியின் அடைவு முற்றிலும் சமண அடைவு. தேவர்களுக்கு முன்னே தேவாதிதேவராகிய தீர்த்தங்கரர்தம் பெயர்கள் நிற்கின்றன. விலங்கு, செடி முதலியவற்றைக் கூறும் காண்டத்தில் மண், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஓரறிவுயிர்கள் முதலாக ஐயறிவுயிர் ஈறாக வரிசை செல்கிறது. அகராதியைப் புரட்டும் மாணவன் உயிர்களின் படிநிலையையும் உடன் கற்றுக்கொள்கிறான். தொடக்கத்திலேயே பெயர்கள் மூவகை என்று வகுத்துவிடுகிறார்: வழக்கினால் மட்டும் நிலைபெற்ற ரூடம், பகுதி விகுதிகளால் காரணம் விளங்கும் யௌகிகம், இரண்டும் கலந்த மிசிரம். பவணந்தி முனிவரின் நன்னூலைப் பயின்றவர்க்கு இடுகுறியும் காரணமும் உடனே நினைவிற்கு வரும். தம் நிகண்டுக்குத் தாமே உரை எழுதி, சொல் பிறந்த வழியையும் காட்டினார்.

பிறந்த வழி புலப்படாத சொற்களை என் செய்வது? பிராகிருதச் சொற்களைத் தற்சமம், தற்பவம், தேசியம் எனப் பிரிப்பது பழைய மரபு. முதலிரண்டும் வடமொழியோடு இயைபுடையவை. மூன்றாவதற்கு இலக்கணத்தில் இடமில்லை. எப்படியேனும் ஒரு வடமொழி வேரை ஒட்டவைத்துக் கணக்குத் தீர்ப்பது புலவர்க்கு எளிது. ஹேமசந்திரர் அவ்வாறு செய்யாமல், அச்சொற்களுக்கென்றே ஏறக்குறைய 4,000 சொற்கள் அடங்கிய தனிநூல் செய்தார்.

எதைத் தேசியம் என்பது என்பதற்கு அவர் வகுத்த வரம்பு கூர்மையானது. இலக்கண விதியால் அமையாத சொல் தேசியம். விதியால் அமைந்தாலும் வடமொழி அகராதிகளில் அப்பொருளில் வழங்காவிடின் அதுவும் தேசியம். ஆனால் உவமையாலும் ஆகுபெயராலும் பொருள் மாறியது மட்டும் போதாது. முன்னோர் தேசியம் என்று கொண்ட சில வினைச்சொற்களைத் தம் இலக்கணத்திலேயே விதி கூறி முடித்தமையால், அவற்றை இந்நூலிலிருந்து நீக்கினார். ஒவ்வொரு நாட்டிலும் வழங்கும் சொற்கள் எல்லையற்றவை ஆதலால், தொன்றுதொட்டுப் பிராகிருதத்தில் வழங்கி வருவனவற்றையே எடுத்துக்கொண்டார். தமக்கு முன் தேசியம் தொகுத்தோர் பலரையும் பெயர் சுட்டி, மாறுபட்ட இடங்களில் காரணத்துடன் மறுத்தார். அவர்களுள் ஒருவர் தனபாலர். 972இல் தம் தங்கை சுந்தரிக்காகவே ஒரு பிராகிருத நிகண்டு செய்தவர். தங்கையின் கல்விக்காக அகராதி எழுதிய தமையன் அக்காலத்தில் இருந்தமை நமக்கு மகிழ்ச்சி தருகிறது.

தேசீநாமமாலை எட்டு வர்க்கம் உடையது. உயிரெழுத்தில் தொடங்கி அகரவரிசையாய்ச் செல்லும். ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களுள்ளும் ஈரசைச் சொல் முன்னும், மூவசை, நாலசைச் சொற்கள் பின்னுமாக அமையும்; பலபொருட் சொற்கள் அவற்றிற்குப் பின்னர் வரும். சொற்களைக் கூறியபின் அவற்றையே கோத்து எடுத்துக்காட்டுப் பாடல்களும் அமைத்தார்.

சித்தராஜனுக்குப் பின் 1143இல் அரியணை ஏறியவன் குமாரபாலன். சித்தராஜனுக்கு அஞ்சி அவன் மறைந்து திரிந்த நாளில், தேடிவந்த காவலர் கண்ணில் படாமல் ஹேமசந்திரர் அவனை ஏட்டுச்சுவடிக் குவியலுக்குள் ஒளித்து வைத்தார் என்பது செவிவழி வரலாறு. அரசனானபின் அவன் ஆசாரியரின் அறிவுரைப்படி உயிர்க்கொலையைத் தடை செய்தான். ஆண்மகவின்றி இறந்தோர் சொத்தை அரசு கைக்கொள்ளும் வழக்கத்தையும் ஒழித்தான். கணவனை இழந்த அன்றே வீட்டையும் இழந்துவந்த பெண்களுக்கு அது எத்தகைய ஆறுதலாயிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. கொலை மறுத்தலைப் பற்றியே மிகுதியாகப் பேசும் நம்மவர் இதனையும் எடுத்துரைக்கலாம்.

கலிகால சர்வஜ்ஞர் என்று போற்றப்பட்ட ஆசாரியர், விக்கிரம சகாப்தம் 1229இல், அதாவது 1172-73இல், எண்பத்து நான்காம் வயதில் உண்ணாநோன்பு ஏற்று உடல் நீத்தார். குமாரபாலனும் சில மாதங்களுக்குள் மறைந்தான்.

தேசீநாமமாலையின் ஏட்டுச்சுவடியைத் தேடிக் கண்டவர் ஜெர்மானிய அறிஞர் பியூலர். அவர் நாட்டவரான பிஷல் அதனைப் பதிப்பிக்க, 1880இல் பம்பாயில் அச்சேறியது. எடுத்துக்காட்டுப் பாடல்கள் பொருளற்றவை என்று பிஷல் கடிந்துரைத்தார். அகரவரிசையில் அடுத்தடுத்து நிற்பதைத் தவிர வேறு தொடர்பில்லாத சொற்களை ஒரே பாட்டில் அடக்கினால் பொருள் சற்று நொண்டத்தான் செய்யும். ஆசிரியப் பயிற்சி பெற்ற நமக்கு அப்பாடல்களின் பயன் விளங்குகிறது: தனிச்சொல்லை மாணவன் மறப்பான், பாட்டில் வைத்ததை மறவான். அவர் தேசியம் என்றவற்றுள் கணிசமானவை வடமொழி வேருடையவையே எனப் பிற்கால அறிஞர் காட்டியது வேறு செய்தி. அது ஏற்கத் தக்கதே.

1938இல் இதன் இரண்டாம் பதிப்பைப் புனே பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்திற்காகச் செய்தவர் பரவஸ்து வேங்கட ராமானுஜஸ்வாமி. முன்னுரையும் சொற்பொருளடைவும் அவர் சேர்த்தவை. எஞ்சிய சொற்களுள் சில திராவிட மொழிகளிலிருந்து சென்றவை என்பதை மொழிநூலார் காட்டியுள்ளனர். அந்த அடைவைப் புரட்டும் தமிழர், தமக்கையைக் குறிக்கும் அக்கா, அத்தையையும் மாமியாரையும் குறிக்கும் அத்தா, சுருள்முடியைக் குறிக்கும் குருல, புலியைக் குறிக்கும் புல்லி, சிற்றூரைக் குறிக்கும் ஊர ஆகிய சொற்களைக் காணலாம். குஜராத்து ஆசாரியர் வேர் காணாது விட்ட இச்சொற்களுக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் அகராதியின்றியே பொருள் சொல்வர்.