சுகபா: அசாமில் 600 ஆண்டு அரசுக்கு அடித்தளம் போட்ட 'வெளியூர்' இளவரசர் யார்?

பள்ளிக்கூடத்தில் முகலாயர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருப்பீர்கள். ஆனால், அவர்கள் பலமுறை படையெடுத்தும் நிரந்தரமாகப் பிடிக்க முடியாத ஓர் அரசு வடகிழக்கில் இருந்தது தெரியுமா? அதுதான் அசாமின் அஹோம் அரசு. அதைத் தொடங்கிய சுகபா, அந்த மண்ணில் பிறந்தவரே இல்லை.

எங்கிருந்து வந்தார்?

இன்றைய சீனாவின் யுனான் மாகாணமும் மியான்மரும் சந்திக்கும் பகுதியில் மோங் மாவ் என்ற நாடு இருந்தது. தாய்லாந்து மக்களுக்கு உறவான இனத்தவர் வாழ்ந்த நாடு அது. சுகபா அங்கே இளவரசர். வாரிசு இல்லாத மன்னருக்குத் திடீரென மகன் பிறக்க, சுகபாவின் அரியணைக் கனவு கலைந்தது என்கிறது மரபு வரலாறு.

"சரி, வேற இடம் பார்ப்போம்" என்பதுபோல 1215 வாக்கில் கிளம்பினார். கூடவே சுமார் 9,000 பேர் வந்ததாகச் சொல்லப்படுகிறது. 1228-ல் பட்காய் மலையைத் தாண்டினார். வழியில் எதிர்த்த நாகா கிராமங்களை அவரது படை கொடூரமாக ஒடுக்கியது. 'புரஞ்சி' எனப்படும் அஹோம் வரலாற்று ஏடுகளே இதை மறைக்கவில்லை.

தலைநகருக்கு ஏன் 25 ஆண்டு?

மலையைத் தாண்டியதும் கோட்டை கட்டி உட்கார்ந்துவிடவில்லை. தண்ணீர் நிறுத்தி நெல் விளைவிப்பதுதான் அவரது மக்களின் பலம். அதற்குத் தோதான நிலத்தைத் தேடி இடம் மாறிக்கொண்டே இருந்தார். ஹாபுங் என்ற இடத்தில் வெள்ளம் பயிரை விடல. கடைசியில் 1253-ல் சராய்தேவ் தலைநகரானது.

எப்படி வேரூன்றினார்?

அங்கே ஏற்கெனவே மோரான், போராஹி மக்கள் இருந்தார்கள். மலைப்பாதையில் வாளை எடுத்தவர், இங்கே வேறு வழியைத் தேர்ந்தெடுத்தார். அவர்களை நிர்வாகத்தில் சேர்த்தார், திருமண உறவு வைத்துக்கொண்டார். தனக்கு அடுத்த நிலையில் புர்ஹாகோஹைன், போர்கோஹைன் என இரண்டு பெரிய அமைச்சர் பதவிகளையும் உருவாக்கினார்.

1268-ல் சுகபா இறந்தபோது, அவர் விட்டுச்சென்றது மேல் அசாமில் ஒரு சிறிய நாடுதான். அவரது வாரிசுகள் அதை பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கு நெடுக விரித்தார்கள். 1671-ல் சராய்காட் போரில் முகலாயர்களைத் தோற்கடித்தார்கள். 1826-ல் யாண்டபோ ஒப்பந்தத்துக்குப் பிறகு அசாம் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இன்று என்ன மிச்சம்?

சராய்தேவில் அஹோம் அரச குடும்பத்தினரைப் புதைத்த மண்மேடுகள் 'மொய்தாம்' எனப்படுகின்றன. 2024-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஆனால், அஹோம்கள் கொண்டுவந்த மொழி நிலைக்கவில்லை. ஆண்டவர்களே காலப்போக்கில் மக்களின் அசாமிய மொழிக்கு மாறிவிட்டார்கள். ஆண்டுதோறும் டிசம்பர் 2-ஆம் தேதி, சுகபாவின் நினைவாக 'அசாம் தினம்' கொண்டாடப்படுகிறது. யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி என்ற கேள்வி இன்றும் சூடாக இருக்கும் மாநிலத்தில், அந்த நாளின் நாயகர் மலை தாண்டி வந்தவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.