ஓல்னிக் குருவானவர் ஜோன் நியூற்றன்

துயரத்தில் ஆழ்ந்திருக்கும் ஒருவரிடம் நாம் என்ன சொல்வது? இக்கேள்வி என்னைப் பல ஆண்டுகளாக வருத்தி வந்திருக்கின்றது. என்னோடு ஒரே பாடசாலையிற் கற்பித்த நண்பர் ஒருவர் மனநோயுற்றுக் கிடந்த நாட்களில், நான் மாலைதோறும் அவரிடஞ் சென்று, அவர் சிறுவயது முதல் மனனஞ் செய்திருந்த வேதவசனங்களையே எடுத்துச் சொல்லித் தேற்ற முயன்றேன். அவரோ ஒவ்வொரு வசனமும் தம்மைக் குற்றஞ் சாட்டுவதாகக் கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கந் திருப்பிக் கொண்டார். மருந்தென்று நான் கொடுத்தது புண்ணில் உப்பாக விழுந்த காரணம் எனக்கு விளங்கவில்லை. அக்காலத்தில், மாணவருக்கு ஆங்கிலக் கவிஞர் வில்லியம் கூப்பரைக் கற்பிக்கும் பொருட்டு அவரது சரிதத்தைப் படித்தபோது, இதே இடர்ப்பாட்டில் எனக்கு வெகுகாலம் முன்னரே அகப்பட்ட ஒரு குருவானவரைக் கண்டேன். அவரே ஜோன் நியூற்றன். அவருடைய வாழ்க்கையை இங்கே சுருக்கமாகச் சொல்ல விரும்புகின்றேன்.

1725ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், வணிகக் கப்பற் தலைவர் ஒருவரின் மகனாக நியூற்றன் பிறந்தார். ஏழு வயது நிறையுமுன்னரே தாயை இழந்தார். அத்தாய் மடியில் இருத்திப் புகட்டிய வேதபாடங்களை வாலிபப் பருவத்தில் எள்ளி நகையாடித் திரிந்தார். 1744இல் கடற்படையினர் அவரைப் பலவந்தமாகப் பிடித்துச் சென்றனர். தப்பியோடிப் பிடிபட்டுக் கசையடி பெற்றார். பின்னர் மேற்கு ஆபிரிக்கக் கரையில், அடிமை வணிகன் ஒருவனின் கீழ், தாமும் அடிமை போலவே பசியோடும் காய்ச்சலோடும் கிடந்தார். அங்கிருந்து மீட்கப்பட்டுத் தாயகந் திரும்புகையில், 1748 மார்ச் மாதத்தில், அத்திலாந்திக் சமுத்திரத்திற் பெரும்புயலொன்று அவர் சென்ற கப்பலைத் தாக்கியது. பக்கப் பலகைகள் சிதைந்து நீர் புகுந்த அந்நேரத்தில், தாம் இகழ்ந்த இறைவனைத் தம்மையறியாமலே அழைத்தார்.

அப்புயலோடு அவர் புதுமனிதராகிவிட்டார் என்று கூறிக் கதையை முடிப்பார் பலர். வரலாறு அத்துணை எளிதாக அமையவில்லை. அதன் பின்னரே, 1750 முதல் 1754 வரை, அடிமைகளை ஏற்றிய கப்பல்களுக்குத் தலைவராக மூன்று முறை கடல் கடந்தார். மேற்தளத்தில் மாலுமிகளைக் கூட்டி ஞாயிறு வழிபாடு நடத்தினார். கீழ்த்தளத்தில் மனிதர் விலங்கிடப்பட்டுக் கிடந்தனர். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்பது அவர் உள்ளத்திற் படவில்லை. அத்தொழிலை அவர் விட்டதும் நோயினாலேயன்றி மனச்சாட்சியினால் அன்று. பின்னர் லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க உத்தியோகம் பார்த்தபடியே கிரேக்கமும் எபிரேயமுந் தாமாகக் கற்று, 1764இல் குருப்பட்டம் பெற்று, பக்கிங்காம் மாகாணத்து ஓல்னி என்னுஞ் சிற்றூரில் உதவிக்குருவாக அமர்ந்தார்.

ஓல்னி, சரிகைப் பின்னலால் வயிறு வளர்த்த ஏழைகளின் ஊர். குளிர் நிறைந்த அறைகளிற் குனிந்திருந்து கண்ணொளி மங்கும்வரை பின்னிய பெண்களின் வீடுகளுக்கு நியூற்றன் நாடோறுஞ் சென்றார். பிரசங்கபீடத்தில் ஊரார் எல்லாருக்கும் ஒன்றாகச் சொல்லப்படுவது, ஒவ்வொருவரின் அடுப்பங்கரையிலும் வெவ்வேறாகச் சொல்லப்படவேண்டும் என்பதை அவர் அங்கேதான் கற்றார். தானே முளைத்து வளரும் பயிரைப் பற்றி மாற்கு சுவிசேஷத்தில் ஓர் உவமை உண்டு. முதலில் முளை, பின்பு கதிர், அதன்பின் கதிரிலே முற்றிய தானியம். இதனைக் கொண்டு அவர் மூன்று கடிதங்கள் எழுதினார். முளைப்பருவத்தில் இருப்பவனிடம் முற்றிய மணியை எதிர்பார்த்தல் தகாது என்பது அவற்றின் சாரம். வயலை அறிந்த நம்மவருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. பின்னாளில் இதயத்தின் குரல் என்று பொருள்படும் கார்டிபோனியா என்ற பெயரில் வெளிவந்த அவருடைய கடிதத் தொகுதியிலும், ஆளறிந்து பேசும் இப்பண்பையே நான் காண்கின்றேன்.

இத்தகையவரின் பங்குக்கு 1767இல் கூப்பர் குடிவந்தார். கூப்பருடைய நோய் பழைய நோய். 1763இல் அவர் தம்முயிரை மாய்க்க முயன்று, சென்ற் ஓல்பன்சில் டாக்டர் கொற்றன் நடத்திய மனநோய் இல்லத்திற் சேர்க்கப்பட்டிருந்தார். கனியற்ற அத்திமரத்தின்மேல் இயேசு இட்ட சாபம் தம்மை நினைந்தே இடப்பட்டது என்று அந்நாட்களில் அவர் நம்பினார். மறு ஆண்டில், உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் ஒரு வசனம் கண்ணிற்பட, அதே நூலினாலேயே ஆறுதலும் பெற்றார். ஒரே நூல் ஒரே மனிதருக்கு ஒரு பொழுது சாபமாகவும் மறுபொழுது விடுதலையாகவும் ஒலித்தமை என்னை நெடுநேரஞ் சிந்திக்க வைத்தது. என் நண்பர் சுவரை நோக்கித் திரும்பியதன் காரணம் அப்போதுதான் சிறிது புலனாகியது.

ஓல்னியில் இருவரும் இணைபிரியா நண்பராயினர். கூப்பரின் தோட்டத்துக்குங் குருமனைக்கும் இடையே கிடந்த நிலத்தைக் கடந்து செல்லும் உரிமைக்கு ஆண்டுக்கு ஒரு கினி செலுத்தினர். நோயாளரையும் ஏழைகளையும் சேர்ந்தே சந்தித்தனர். பாடல்களுஞ் சேர்ந்தே இயற்றினர். 348 பாடல்கள் கொண்ட ஓல்னிப் பாடற்றொகுதி 1779இல் வெளியாயிற்று. இன்று உலகமெங்கும் பாடப்படும் அமேசிங் கிரேஸ் என்ற பாடல், 1773ஆம் ஆண்டுப் புத்தாண்டு வழிபாட்டுக்கென நியூற்றன் எழுதியது. அந்த ஜனவரி மாதத்திலேயே கூப்பரின் நோய் மீண்டது. தாம் இறைவனால் என்றென்றைக்குங் கைவிடப்பட்டதாக அவர் உறுதிகொண்டார். ஏப்ரிலில் ஊர்ச்சந்தையின் இரைச்சலுக்கு அஞ்சிக் குருமனைக்கு வந்தவர், திரும்பிப் போக மறுத்துவிட்டார். அக்டோபரில், ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடத் துணிந்ததுபோல் தம்மைத் தாமே பலியிடும்படி இறைவன் கட்டளையிட்டதாக எண்ணி, மீண்டும் உயிரை மாய்க்க முயன்றார். வேதமே அவர் கையில் வாளாயிற்று.

இங்கேதான் நியூற்றனின் கல்வியெல்லாஞ் சோதனைக்கு வந்தது. இறையருள் எவரையும் தள்ளாது என்பதற்கு அவரறிந்த வசனங்கள் எத்தனை! அவை அனைத்தையுங் கூப்பரும் அறிவார். தமக்கு மட்டும் அவை பொருந்தா என்றார். வாதத்தால் வெல்லமுடியாத இடத்தில் நியூற்றன் செய்தது மிகச் சாதாரணமான காரியம். நோயாளியைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். கூப்பரைக் கண்ணிமைபோற் காத்த அன்வின் அம்மையாரும் உடன் தங்கினார். பழைய மருத்துவராகிய கொற்றனின் ஆலோசனையையும் நியூற்றன் நாடினார். பதின்மூன்று மாதங்கள் இவ்வாறு கழிந்தன. தம் மனம் இடையிடையே பொறுமையிழந்ததையும் அவர் எழுத்தில் மறைக்கவில்லை. 1774 மேயில் ஒருநாள், கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த கூப்பர் ஏதோ ஒரு சிறு நிகழ்ச்சியைக் கண்டு புன்னகைத்தார். பதினாறு மாதங்களுக்கு மேலாக அம்முகத்திற் காணாத புன்னகை அது என்று நியூற்றன் கணக்கிட்டு எழுதிவைத்தார். மாதங்களை எண்ணிக் காத்திருந்தவரே அவ்வாறு எழுத முடியும்.

நியூற்றனின் கடுஞ்சமயமே கூப்பரைக் கெடுத்தது என்று பழி கூறுவோர் உளர். இவர்கள் சந்திக்கு முன்னரே அந்நோய் முற்றியிருந்தது என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். எனினும், நொய்ந்த மனமுடைய ஒருவரைத் துயருற்றார் வீடுகளுக்கு அடிக்கடி அழைத்துச் சென்றதும், பொதுக்கூட்டங்களிற் செபிக்கத் தூண்டியதும் அளவு கடந்தனவோ என்ற ஐயம் எனக்கும் உண்டு. நல்லவரின் அன்பிலும் அளவு பிழைத்தல் கூடும்.

1780இல் நியூற்றன் இலண்டன் சென்ற் மேரி வூல்நொத் ஆலயத்துக்கு மாறினார். 1785 டிசம்பரில், அரசியலைத் துறந்துவிட எண்ணி மறைவாக வந்து கண்ட இளைஞர் வில்பர்போர்சைப் பாராளுமன்றத்திலேயே இருந்து பணிசெய்யுமாறு அறிவுறுத்தினார். அவரிடம் நெறி பெற்ற குளோடியஸ் புக்கனன் என்பவர், பின்னர் 1806இல் நமது யாழ்ப்பாணத்தையும் வந்து பார்த்துச் சென்றார். 1788இலோ நியூற்றன் தமது பழைய பாவத்தைத் தாமே ஊரறியச் சொன்னார். அடிமை வணிகத்தின் கொடுமைகளை நூலாக எழுதி, அரசின் விசாரணையிலுஞ் சாட்சி கூறினார். அத்தொழிலை விட்டு முப்பத்து நான்கு ஆண்டுகள் சென்றபின்பே அவர் வாய் திறந்தமை மறைக்கத்தக்க குறையன்று. தம்முள்ளேயே கதிர் முற்ற அத்தனை காலஞ் சென்றதை அறிந்தவராதலின், பிறரிடம் அவர் அவசரப்படவில்லை போலும்.

கூப்பர் முற்றாகக் குணமடையவில்லை. ஆலயத்தினுள் மீண்டும் அடிவைக்கவுமில்லை. கவிதையோ செழித்தது, நெடுங்கவிதைகளும் ஹோமரின் மொழிபெயர்ப்பும் அவர் தந்தவை. அலைகடலிற் தவறிவிழுந்து கப்பலாராற் காப்பாற்ற முடியாது மாண்ட மாலுமி ஒருவனைப் பற்றி 1799இற் பாடி, மறு ஆண்டு மறைந்தார். புயலிற் பிழைத்த மாலுமியாகிய நியூற்றன் அவரைப் பற்றி நினைவுப் பிரசங்கஞ் செய்தார். அடிமை வணிகத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறிய 1807ஆம் ஆண்டிலேயே, டிசம்பர் 21ஆம் நாள், அவரும் கண்மூடினார்.

இச்சரிதத்தைப் படித்த பின்னர் நான் நண்பர் வீட்டுக்கு வசனங்களைச் சுமந்து செல்வதை நிறுத்தினேன், செல்வதை நிறுத்தவில்லை. அவர் மனைவியார் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டு, பேசாமல் அவர் கட்டிலருகே இருந்தேன். மருத்துவரிடம் போகும் நாட்களில் உடன் போனேன். பல மாதங்களின் பின் ஒரு மாலை, நான் எழுந்து புறப்படுகையில், நாளைக்கும் வருவீரா என்று அவராகவே கேட்டார். அந்தத் தேதியை நானும் குறித்து வைத்திருக்கின்றேன்.