செத்த வண்டை நடிக்க வைத்தவர்!

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் நச்சரித்தபோது, முதலில் கவிதைதான் எழுத உட்கார்ந்தேன். பிழைத்தீர்கள் நண்பர்களே, கவிதை வரவில்லை! அதற்குப் பதிலாக, போன செமஸ்டர் லீவு முழுக்க என் தூக்கத்தைக் கெடுத்த ஒரு மனிதரை அறிமுகப்படுத்துகிறேன். பெயர் லாடிஸ்லாஸ் ஸ்டாரெவிச். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு நகர்த்தலையும் ஒரு படமாக எடுத்து, சேர்த்து ஓட்டினால் பொம்மை தானே நடக்கிறதே, அந்த ஸ்டாப் மோஷன் கலையில் இறங்கியவர்கள் யாரைக் கேட்டாலும் இவர் பெயரைச் சொல்வார்கள்.

1882-இல் மாஸ்கோவில் பிறந்தார். பெற்றோர் போலந்துக்காரர்கள். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட, லிதுவேனியாவின் கவுனாஸ் நகரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். நாமெல்லாம் பொன்வண்டைத் தீப்பெட்டியில் போட்டு வளர்த்தோமே, அந்தப் பூச்சிப் பைத்தியம் நமக்குப் பத்து வயதில் போய்விட்டது. அவருக்குப் போகவே இல்லை. கவுனாஸ் அருங்காட்சியகத்துக்காகச் சிறு சிறு படங்கள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், 1910-இல் மான்கொம்பு வண்டுகள் சண்டை போடுவதைப் படம் பிடிக்க ஆசைப்பட்டார். அங்கேதான் வந்தது வினை. அது இரவில் நடமாடும் ஜாதி. படம் எடுக்க விளக்கைப் போட்டதும் வீரர்கள் இரண்டு பேரும் அசையாமல் படுத்துவிட்டார்கள்!

வேறு யாராக இருந்தாலும் மூட்டை கட்டியிருப்பார்கள். இவர், தீக்குச்சிகள் தாமே நகருவது போல பிரான்சில் எமில் கோல் 1908-இல் எடுத்த படத்தைப் பார்த்திருந்தார். குச்சி நகருமானால் வண்டு நகராதா? செத்த வண்டுகளின் கால்களையும் கொம்புகளையும் கழற்றினார். மெழுகால் மறுபடி ஒட்டினார். இப்போது கால் எந்தப் பக்கம் திருப்பினாலும் திரும்பும், விட்ட இடத்தில் நிற்கும். மெக்கானிக்கல் நண்பர்களுக்குச் சொல்கிறேன், இது ஒரு மூட்டு இணைப்பு. அவ்வளவுதான் விஷயம், அவ்வளவும் விஷயம்!

இதைப் படித்துவிட்டு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர் தென்னந்தோப்பிலிருந்து காண்டாமிருக வண்டுகள் ராத்திரி ட்யூப் லைட்டுக்கு வந்து, காலையில் வாசலில் செத்துக் கிடக்கும். இரண்டைப் பொறுக்கினேன். காலைத் தொட்டதும் முறுக்கு மாதிரி ஒடிந்தது. அடுத்த இரண்டை ஈரத் துணியோடு டப்பாவில் ஒரு நாள் மூடி வைத்த பிறகுதான் மூட்டு இளகியது. கால்களைக் கழற்றி, மோட்டார் வைண்டிங் கம்பியை இரட்டையாக முறுக்கிக் கோத்து, மெழுகு வைத்தேன். செல்போனை ஸ்டாண்டில் கட்டி, விநாடிக்கு 12 படம் என்று கணக்குப் போட்டு ஆரம்பித்தாயிற்று. ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த முதல் நாள் படம் முழுக்கப் பாழ். வெயில் ஏற ஏற ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் மாறி, ஓட்டிப் பார்த்தால் கண் சிமிட்டுகிறது! ஜன்னலைச் சாத்தி, ஒரே பல்பு, போன் தானாக வெளிச்சத்தை மாற்றிக்கொள்ளாதபடி பூட்டு, ஃபேன் கிடையாது. வியர்த்துக் கொட்டியது. இரண்டாம் நாள் தங்கச்சி ஸ்டாண்டை இடித்தாள், 140 படம் போச்சு. அழுகை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை.

அப்போதுதான் ஸ்டாரெவிச்சின் கணக்கு உறைத்தது. 1912-இல் அவர் எடுத்த ‘கேமராக்காரனின் பழிவாங்கல்’ பன்னிரண்டு நிமிஷப் படம். மௌனப் படம் விநாடிக்கு 16 என்று வைத்தாலும் பதினோராயிரம் படத்துக்கு மேல். கதையோ, சும்மா சொல்லக் கூடாது, நம்ம ஊர் குடும்பச் சித்திரம் தோற்றது! வண்டுக் கணவன் தும்பி நாட்டியக்காரியின் பின்னால் போகிறான். போட்டிக்காரனான வெட்டுக்கிளி சாவித் துவாரம் வழியாக அதைப் படம் பிடித்து, பிறகு தியேட்டரில் மனைவி பக்கத்தில் இருக்கும்போதே ஓட்டிவிடுகிறான். பூச்சிகளைப் பழக்கித்தான் எடுத்தார்கள் என்று நம்பியவர்களும் அந்தக் காலத்தில் உண்டாம்.

மாஸ்கோவில் கான்ஷோன்கோவ் கம்பெனியில் நடிகர்களை வைத்தும் நிறையப் படங்கள் எடுத்தார். 1917 புரட்சி வந்தது. மாஸ்கோவை விட்டுக் கிரிமியா, அங்கிருந்து இத்தாலி, கடைசியில் பிரான்ஸ். பாரிஸ் அருகே ஃபோந்தனே-சூ-புவா என்ற ஊரில் 1924-இல் குடியேறி, சாகும்வரை அங்கேயே இருந்தார். வீடுதான் ஸ்டுடியோ. மனைவி அன்னா பொம்மைகளுக்கு உடை தைத்தார். மூத்த மகள் இரினா கூடவே வேலை செய்தார். இளைய மகள் நடித்தார். பெரிய கம்பெனியில் பெரிய டைரக்டராக இருந்தவர் ஏன் இப்படி வீட்டுக்குள் அடைந்தார்? என் எண்ணம், மெழுகு ஒட்டின கை அது, இன்னொருவர் கையை நம்பாது.

அதற்கு விலையும் கொடுத்தார். ‘நரியின் கதை’ என்ற முழுநீளப் படத்தின் பொம்மை வேலையைப் பதினெட்டு மாதத்தில், 1930-இல் முடித்துவிட்டார். அதற்குள் பேசும்படம் வந்துவிட்டது. ஒலி சேர்க்கும் முயற்சி சொதப்பி, படம் பெட்டிக்குள் போனது. அதே நரிக் கதையைக் கவிஞர் கதே பாடியிருந்ததால் ஜெர்மனியில் ஆர்வம் பிறந்து, 1937 ஏப்ரலில்தான் பெர்லினில் ஜெர்மன் ஒலியோடு வெளிவந்தது. பிரெஞ்சு ஒலியோடு வர 1941 ஆயிற்று. ஏழு வருஷம், பதினோரு வருஷம்! எனக்கு 140 படம் போனதற்கே அழுகை. அவரோ அந்த இடைவெளியில் சும்மா இல்லை, ‘ஃபெட்டிஷ்’ என்று ஒரு பஞ்சு நாய்க்குட்டியின் படத்தை எடுத்துவிட்டார். பொம்மை தைக்கும் ஏழைத் தாயின் கண்ணீர்த்துளி பஞ்சுக்குள் விழுந்து நாய்க்கு உயிர் வருகிறது. நோயாளிக் குழந்தைக்காக ஒரு ஆரஞ்சுப் பழம் தேடி அது ராத்திரியெல்லாம் அலைகிறது. அதைப் பார்த்து முடித்தபோது எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. ஸ்டாண்டை இடித்த தங்கச்சி மட்டும், நாளைக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிக்கலாம் என்று கேட்டாள்.

அறை நண்பன் கேலி செய்கிறான். இப்போது கம்ப்யூட்டரிடம் சொன்னால் வண்டு என்ன, யானையே ஆடும், பத்து நிமிஷ வேலை என்கிறான். ஆடும்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தக் காலை எத்தனை மில்லிமீட்டர் தூக்கினால் வண்டு தயங்குகிற மாதிரி தெரியும் என்பது இப்போது என் விரலுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

ஸ்டாரெவிச் 1965 பிப்ரவரி 26-இல் காலமானார். அப்போதும் ஒரு படம் நடந்துகொண்டிருந்தது, நாயும் பூனையும் பற்றியது. அது முடியவேயில்லை.

என் படம் முடிந்துவிட்டது. மொத்தம் 312 படம், 26 விநாடி. கல்லூரி நாள் விழாவில் போடுவதாகச் செயலாளர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடாதீர்கள் நண்பர்களே!