நாலு லட்சம் நூல்! நடந்தவர் இருபதுக்கும் குறைவு!

ருஷ்ய நாவலாசிரியர் டால்ஸ்டாயின் கடைசி நாட்களை 2009-இல் படமாக்கினர். தம் எழுத்தின் உரிமை மக்களுக்கே என்றார் அந்தப் பெருநிலக்கிழார். குடும்பச் சொத்து போகிறதே என்று குமுறினார் மனைவி. 1910-இல், 82-ஆம் வயதில், வீட்டைவிட்டு வெளியேறி, சிறியதொரு ரயில் நிலையத்தில் கண்மூடினார். வெளியே நிருபர் கூட்டம், படமெடுக்கும் கருவிகள்!

தமிழகத்திலே என்ன நடந்தது? ஞான ராஜசேகரன் 2000-இல் தந்த ‘பாரதி’ படத்தைப் பார்த்த தோழர்கள் அறிவர்.

எட்டயபுரத்தில் 1882-இல் பிறந்த பாரதியார், வெள்ளையர் பிடிக்குத் தப்பிப் புதுவையில் பத்தாண்டு வாழ்ந்தார். அங்கே, தாழ்த்தப்பட்ட குலத்துக் கனகலிங்கத்துக்குப் பூணூல் அணிவித்துச் சாதிக்கட்டை உடைத்தார். 1918-இல் வெளியே வந்தார். வரும் வழியிலேயே கைது! விடுதலைக்குப் பின் மனைவி செல்லம்மாளின் ஊரான கடையம் சேர்ந்தார்.

1920-இல் ஒரு திட்டம் தீட்டினார். நூல்கள் 40, நூலுக்கு 10,000 படிகள், ஆக நாலு லட்சம்! அச்சிடக் கடன் கேட்டுக் கடிதம் எழுதினார். கனவு பெரிது, கைக்கு வந்த காசோ போதவில்லை. அவ்வாண்டு இறுதியில் சென்னை வந்து, ‘சுதேசமித்திர’னில் மீண்டும் வேலைக்கமர்ந்தார்.

1921-இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளியது. குவளைக் கண்ணன் மீட்டார். அதனாலேயே மாண்டார் என்பாருண்டு, அது சரியல்ல. தேறியபின் ஈரோடு கருங்கல்பாளையம் சென்று, மனிதனுக்கு மரணமில்லை எனும் பொருள் பற்றிப் பேசினார். ஆனால் செப்டம்பரில் வயிற்று நோய் வென்றது. வயது 38! இறுதி ஊர்வலத்தில் நடந்தவர் இருபது பேர்கூட இல்லை.

மாண்டபின் மதிப்பு ஏறியது. பாட்டின் உரிமை கைமாறிக் கைமாறிச் சினிமா முதலாளி வரை போயிற்று. நாட்டுக்குப் பாடியவன் பாட்டு ஒருவர் பெட்டியிலா என்று நடிகர் டி.கே. சண்முகம் போன்றோர் போராடினர். 1949-இல் அரசு உரிமையை வாங்கியது. செல்லம்மாளுக்கும் இரு மகள்களுக்கும் தலா 5,000 ரூபாய். பின்னர் எழுத்து நாட்டுடைமையாயிற்று. டால்ஸ்டாய் உயிலால் செய்ததை, தமிழ்நாடு கிளர்ச்சியால் செய்தது!

புதுக்கோட்டைத் தோழர்களே! பழைய முதற்பதிப்புகளைத் தேடித் தேடிக் காக்கும் ஞானாலயா நம் ஊரில் இருக்கிறது. போய்ப் பாருங்கள். பழையதைக் காப்பது கடமை. இன்று எழுதுவோனை இன்றே காப்பதும் கடமை. மாண்டவனுக்கு மாலை வாங்கும் காசில், வாழ்பவனின் நூலொன்று வாங்குவோம். மன்றம்தோறும் படிப்போம். இன்னொரு கவிஞன் கடன் கேட்டுக் கடிதம் எழுதும் நிலை வேண்டாம்!