ச. வெ. இராமன்

சந்திரசேகர வெங்கட இராமன் (நவம்பர் 7, 1888 - நவம்பர் 21, 1970) இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற இந்திய அறிவியலாளர் ஆவார். ஒளிச்சிதறல் கண்டுபிடிப்புக்காகப் பெரிதும் அறியப்படும் இவர், நீர்மங்களின் இயல்புகளையும் நெடுங்காலம் ஆராய்ந்தார்.

வாழ்க்கை

திருச்சிராப்பள்ளியில், திருவரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில், சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தை 1892 இல் கல்லூரி ஆசிரியப் பணி ஏற்றதால் குடும்பம் விசாகப்பட்டினம் சென்றது. சென்னை மாநிலக் கல்லூரியில் 1904 இல் இளங்கலையும் 1907 இல் முதுகலையும் முடித்தார். நிதித்துறை அலுவலராகக் கொல்கத்தாவில் பணியேற்று, அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1917 இல் அரசுப் பணியைத் துறந்து கொல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார்.

நீர்மங்கள் பற்றிய ஆய்வு

தண்ணீர் எளிதில் ஓடும். கிளிசரின் மெல்ல வழியும். ஓட்டத்தை எதிர்க்கும் இப்பண்பு பாகுநிலை எனப்படும். நீர்ம மூலக்கூறுகளில் ஒரு பகுதி பிணைந்தும் மறுபகுதி தளர்ந்தும் உள்ளன என்றும், சூடேறும்போது பிணைப்பு குறைவதால் பாகுநிலையும் குறைகிறது என்றும் 1923 இல் இவர் விளக்கினார்.

இராமன் விளைவு

அதே ஆண்டு இவருடைய மாணவர் கே. ஆர். இராமநாதன், நீர்மங்கள் சிதறும் ஒளியில் நிறம் மாறிய மெல்லிய கூறு ஒன்றைக் கண்டார். மாசுகளால் எழும் ஒளிர்வு என்றே அது கருதப்பட்டது. ஆயினும் நீர்மத்தைப் பலமுறை தூய்மைப்படுத்தியும் அது மறையவில்லை. பின்னர் வெங்கடேசுவரன், தூய கிளிசரின் சிதறிய ஒளி பச்சையாகவும் நன்கு முனைவாக்கம் பெற்றும் இருப்பதைக் கண்டார். அத்தகைய முனைவாக்கம் சாதாரண ஒளிர்வுக்குரியதன்று. எனவே மாசு என்னும் ஐயம் நீங்கியது. கே. எஸ். கிருஷ்ணனுடன் ஆய்வைத் தொடர்ந்த இராமன், பிப்ரவரி 28, 1928 அன்று பாதரச விளக்கின் ஒளியைக் கொண்டு இவ்விளைவை உறுதி செய்தார். மூலக்கூறுகளின் அதிர்வே நிறமாற்றத்திற்குக் காரணம். 1930 இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது.

புரத ஆய்வில் பயன்

முட்டையின் வெண்கரு வேகும்போது அதன் புரத மடிப்புகள் குலைந்து ஒன்றோடொன்று பிணைவதால் அது கெட்டியாகிறது. காயம் பட்டால் குருதியில் கரைந்துள்ள பைபிரினோசன் என்னும் புரதம் பைபிரின் இழைகளாக மாறுவதால் குருதி உறைகிறது. புரதச் சங்கிலியின் மடிப்பு மாறினால் அதன் இராமன் நிறமாலையும் மாறும். தண்ணீரின் இராமன் சிதறல் வலுக்குறைந்தது என்பதால், புரதங்களை அவற்றின் கரைசலிலேயே இம்முறையில் ஆராயலாம்.

இறுதிக்காலம்

1933 இல் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1948 இல் இராமன் ஆய்வுக் கழகத்தை அங்கு நிறுவினார். 1954 இல் பாரத ரத்னா விருது பெற்றார். பெங்களூரிலேயே காலமானார். பிப்ரவரி 28 இந்தியாவில் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.