நிக்கொலாய் இல்மின்ஸ்கி: எழுத்து தங்கியது, மதம் தங்கவில்லை

முகலாயப் பேரரசை நிறுவிய பாபர் தன் வாழ்க்கையைத் தாய்மொழியான சகதாய்த் துருக்கியில் எழுதிவைத்தார் என்பதை நாம் படித்திருப்போம். அந்த மூல நூல் முதலில் அச்சேறியது டெல்லியிலோ லண்டனிலோ அல்ல. 1857ல், வோல்கா நதிக்கரையில் உள்ள கசான் என்ற ரஷ்ய நகரத்தில். பதிப்பித்தவர் நிக்கொலாய் இவானொவிச் இல்மின்ஸ்கி, ஒரு பாதிரியாரின் மகன். தாத்தார்களையும் கசாக்குகளையும் கிறிஸ்தவத்துக்குள் கொண்டுவரவும், வந்தவர்களை அதில் நிலைக்கச் செய்யவும் வாழ்நாளைச் செலவிட்டவர். முஸ்லிம் மன்னர் ஒருவரின் சுயசரிதையை வரி வரியாகச் சரிபார்த்த கையும், மதமாற்றத்துக்குத் திட்டம் போட்ட கையும் ஒன்றே. இந்த முரண்தான் அவர் கதை.

இல்மின்ஸ்கி 1822ல் பென்சா நகரில் பிறந்தார். உள்ளூர்க் குருமடத்தில் படித்துவிட்டு, 1842ல் தொடங்கிய கசான் இறையியல் கழகத்தில் சேர்ந்தார். 1846ல் தேறி வெளியே வந்த கையோடு அங்கேயே ஆசிரியரானார். தாத்தார் மொழியும் அரபியும் அவர் பாடங்கள்.

கசானின் பின்னணியைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1552ல் இவான் மன்னர் கசானைக் கைப்பற்றியதிலிருந்தே அங்குள்ள தாத்தார்களுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முயற்சி நடந்துவந்தது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அதில் வற்புறுத்தலும் வரிச்சலுகையும் சேர்ந்துகொண்டன. விளைவு, பதிவேட்டில் கிறிஸ்தவர், வீட்டில் வேறு என்று ஒரு பெரிய கூட்டம். கோயில் வழிபாடு நடந்த மொழி அவர்களுக்குப் புரியவில்லை. பக்கத்து ஊர் முல்லா பேசியது புரிந்தது. தலைமுறைக்கு ஒருமுறை கும்பல் கும்பலாக இஸ்லாத்துக்குத் திரும்பினார்கள். 1866ல் மீண்டும் அப்படி ஓர் அலை எழுந்தபோது அரசும் திருச்சபையும் திகைத்து நின்றன.

இல்மின்ஸ்கி அதற்கு வெகு முன்பே காரணத்தைத் தேடத் தொடங்கியிருந்தார். தாத்தார் குடியிருப்பில் போய்த் தங்கினார். அவர்கள் பேச்சைக் கேட்டார், பள்ளிகளைப் பார்த்தார். 1851ல் திருச்சபை அவரை மத்திய கிழக்குக்கு அனுப்பியது. கெய்ரோ, டமாஸ்கஸ், கான்ஸ்டான்டிநோபிள் என்று சுற்றி, அரபியில் ஆழ்ந்து திரும்பினார். திரும்பியவர் இஸ்லாத்தை மறுக்கச் சொல்லிக்கொடுக்காமல், இஸ்லாத்தையே மிக நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று மேலிடத்துக்குச் சந்தேகம் வந்தது. 1858ல் கழகத்தை விட்டு விலகினார்.

போன இடம் ஓரன்பர்க். கசாக் புல்வெளியின் வாசலில் இருந்த எல்லை நகரம். கீழைத்தேய அறிஞர் கிரிகோரியெவின் தலைமையில் இயங்கிய எல்லை ஆணையத்தில் வேலை. அன்றைய ரஷ்ய ஆவணங்களில் கசாக்குகளுக்குக் 'கிர்கீஸ்' என்று பெயர். ஆடு, குதிரை, ஒட்டகங்களோடு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் மக்கள். முஸ்லிம்கள்தாம், ஆனால் பழைய வழக்கங்களும் கூடவே இருந்தன. இரண்டாம் கேத்தரின் காலத்தில் ரஷ்ய அரசே இவர்களிடம் தாத்தார் முல்லாக்களை அனுப்பி ஊக்குவித்திருந்தது. மதம் வந்தால் அடங்கி இருப்பார்கள் என்று கணக்கு. முல்லாக்களோடு தாத்தார் எழுத்து மொழியும் வந்தது. கசாக்கில் பேசியவன் கடிதம் எழுத வேண்டுமென்றால் தாத்தாரில் எழுதினான்.

இல்மின்ஸ்கி கசாக்கைக் காதால் கற்றார். அது தாத்தாரின் கிளை அல்ல, தனி ஒலியும் தனி அழகும் உள்ள மொழி என்று கண்டுகொண்டார். அந்த மொழியை ஆராய்வதற்கான குறிப்புகளையும், கசாக்குகள் ரஷ்ய எழுத்தைத் தாமே கற்பதற்கான ஒரு கையேட்டையும் 1861ஐ ஒட்டி வெளியிட்டார்.

அங்குதான் அவருக்கு ஓர் இளைஞன் அறிமுகமானான். பெயர் இப்ராய் அல்தின்சாரின், 1841ல் பிறந்தவன். தந்தையை இழந்து, பாட்டனார் பல்கோஜாவிடம் வளர்ந்தவன். ஓரன்பர்க்கில் கசாக் பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்து மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்துக்கொண்டிருந்தான். இல்மின்ஸ்கியின் வீட்டில் அவன் வந்துபோகும் பிள்ளையானான். இருவருக்கும் கிட்டத்தட்ட இருபது வயது வித்தியாசம். அந்த நட்பு முப்பது ஆண்டுகள் நீடித்தது.

1861ல் இல்மின்ஸ்கி கசான் பல்கலைக்கழகப் பேராசிரியராகத் திரும்பினார். அவர் பெயரைச் சொல்லும் முறை அங்குதான் உருவானது. அதற்கு முன் தாத்தாரில் வந்த கிறிஸ்தவ நூல்கள் அரபு, பாரசீகச் சொற்கள் நிறைந்த ஏட்டு நடையில் இருந்தன. அவர் அதை ஒதுக்கினார். கிராமத்தில் பேசும் மொழி, அதற்கேற்பத் திருத்திய ரஷ்ய எழுத்து, அந்த மக்களிலிருந்தே ஆசிரியர், அவர்களிலிருந்தே குரு. இவ்வளவுதான் முறை. வசீலி திமொஃபேயெவ் என்ற ஞானஸ்நானம் பெற்ற தாத்தார் விவசாயியைக் கண்டெடுத்தார். அவர் மூன்று பிள்ளைகளோடு தொடங்கிய வகுப்பு 1864ல் முறையான பள்ளியானது. 1869ல் தாத்தார் மொழியில் வழிபாடு நடந்தது. அதே ஆண்டு திமொஃபேயெவ் குருவானார். ஆனால் இல்மின்ஸ்கி கடைசிவரை குருப்பட்டம் பெறவில்லை. 1870ல் ரஷ்யரல்லாத மக்களின் கல்விக்காக அரசு வகுத்த விதிகள் இந்த முறையை ஒட்டியே அமைந்தன. 1872ல் கசானில் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கு அவரே இயக்குநரானார். சுவாஷ், மாரி, உத்மூர்த்து என்று பல மொழிகளில் பாடநூல்கள் வர இந்த இயக்கம் வழிவிட்டது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அவர் தாய்மொழிக் கல்வியின் தியாகி ஆகிவிடுவார். மறுபக்கமும் உண்டு. அவருக்குத் தாய்மொழி வழி, இலக்கு ஆர்த்தடாக்ஸ் நம்பிக்கையும் ரஷ்யாவோடு கலப்பதும். படித்த, நவீனமான முஸ்லிமைக் கண்டுதான் அவர் அஞ்சினார். கிரீமியாவில் 1883ல் பத்திரிகை தொடங்கிய கஸ்பிரின்ஸ்கியின் சீர்திருத்தம் அவருக்கு ஆபத்தாகப் பட்டது. 1880களில் திருச்சபை நிர்வாகத்தின் தலைவர் பொபெதொனொஸ்த்செவுக்கு எழுதிய கடிதங்களில், முஃப்தி பதவிக்கு ரஷ்ய மொழியும் நவீனக் கல்வியும் அறிந்தவரைவிட அறியாதவரே மேல் என்று ஆலோசனை சொன்னார். கிராமத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவு கேட்ட மனிதர், இன்னொரு மக்களின் தலைமைக்கு அறியாமையைப் பரிந்துரைத்தார். இந்த இடத்தில் அவரை மன்னிப்பது எனக்குக் கடினமாக இருக்கிறது.

புல்வெளியில் என்ன நடந்தது? அல்தின்சாரின் 1864ல் துர்காயில் கசாக் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். 1879ல் அந்த மாகாணப் பள்ளிகளின் ஆய்வாளரானார். அதே ஆண்டு அவருடைய கசாக் வாசகம் ரஷ்ய எழுத்தில் வந்தது. கதைகள், பாடல்கள், பழமொழிகள், எல்லாம் மக்கள் பேசும் கசாக்கில். தாத்தார் ஏட்டு மொழி தங்கள் மொழியை விழுங்கிவிடும் என்பதில் அவர் நண்பரோடு ஒத்துப்போனார். பிள்ளைகளை மதம் மாற்றுவதில் ஒத்துப்போகவில்லை. 1884ல் இஸ்லாத்தின் அடிப்படைகளைக் கசாக் மொழியில் விளக்கி ஒரு பாடநூல் வெளியிட்டார், அரபு எழுத்தில். அது அச்சானது இல்மின்ஸ்கி வாழ்ந்த அதே கசானில்! நண்பர் சொன்ன முறையையே எடுத்து, நண்பருக்கு எதிர்த்திசையில் நடந்தார் என்று சொல்லலாம். இர்கிஸ் ஊரில் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி கொண்டுவந்தார்.

1880களில் அல்த்தாய் மிஷனின் கிளையாக, செமிபலாத்தின்ஸ்க் பக்கம் கசாக்குகளுக்கென்று தனி மிஷன் தொடங்கியது. கசாக் மொழியில் மத நூல்கள் அச்சாயின. பலன் சொற்பம். மதம் மாறியவன் குலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் இழந்தான். அவனுக்கு மிஷன் குடியிருப்பைத் தவிரப் போக்கிடமில்லை. குலத்தை விட்டால் வாழ்வே இல்லாத புல்வெளியில், புத்தகத்தால் அந்தக் கட்டை அவிழ்க்க முடியவில்லை.

அல்தின்சாரின் 1889ல், ஐம்பதை எட்டுமுன், முஸ்லிமாகவே இறந்தார். இல்மின்ஸ்கி அவரைப் பற்றிய நினைவுகளையும் கடிதங்களையும் தொகுத்து 1891ல் ஒரு நூல் வெளியிட்டார். அவ்வாண்டின் கடைசி நாட்களில் தாமும் கண்மூடினார். தன் வழிக்கு வராத ஒருவருக்காக ஒரு மிஷனரி கடைசியாகச் செய்த வேலை அது.

அல்தின்சாரின் தொடங்கிவைத்த ஆசிரியர் பள்ளியில் படித்த அஹ்மெத் பாய்துர்சினோவ் பின்னாளில் கசாக்கின் அரபு எழுத்தைச் சீர்திருத்தினார். 1929ல் லத்தீன் வந்தது. 1940ல் மாஸ்கோவின் முடிவால் சிரில்லிக் வந்தது. 2017ல் மீண்டும் லத்தீனுக்குப் போவதாகக் கசாக்ஸ்தான் அறிவித்தது. எழுத்து எத்தனை முறை மாறினாலும், அல்தின்சாரினின் பாடல்களைக் கசாக் பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.